வெளிவாரிப் பட்டமும் யாழ்நூலும்

உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு, விஞ்ஞானப் பிரிவு என மாணவரைப் பிரித்துவிட்டு, பல துறைகளையும் இணைக்கும் மேற்படிப்பைப் பட்டத்தின் பின் புதிதாக வகுப்பது வியப்பிற்குரியதே. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) அப்பிரிவினைக்கு உட்பட்டவரல்லர். கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்விற் சித்தியெய்தினார். பின்னர் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்ஸி. பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். பகலிற் கற்பித்து இரவிற் கற்ற எம்மனோர்க்கு அதன் அருமை விளங்கும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும் இசையிலக்கணம் தமிழ்ப் புலமையால் மட்டும் விளங்குவதன்று. சுரங்களின் அதிர்வு விகிதங்களைக் கணிதத்தால் ஆராய்ந்தே, வழக்கொழிந்த யாழ்க்கருவிகளின் அமைப்பை அடிகளார் உய்த்துணர்ந்தார். பண்டிதரும் பௌதிக ஆசிரியரும் அவரிடத்தே ஒருவராயிராவிடின் யாழ்நூல் தோன்றியிராது.

இவ்வாராய்ச்சிக்கெனத் தனியே ஓய்வு பெற்றவருமல்லர் அவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நிருவகித்தார். 1929இல் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல், அக்காலத்திற் கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.