தஞ்சோங் துவான் விளக்கும் நம் தாத்தாமார் வந்த வழியும்

பரிசளிப்பு விழா மேடை ஏறும் பேச்சாளர்களில் பாதிப்பேராவது ஆசிரியரைக் 'கலங்கரை விளக்கம்' என்று சொல்லாமல் இறங்குவதில்லை. நம் பிள்ளைகளும் கட்டுரைப் போட்டியில் அதையே எழுதிப் பரிசு வாங்குகிறார்கள். நல்ல உவமைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறோம்?

பள்ளிச் சுற்றுலா என்றால் பஸ் எடுக்கிறோம், கட்டுச்சோறு கட்டுகிறோம், மலாக்காக் கோட்டை வாசலில் நின்று படம் பிடிக்கிறோம், பிறகு போர்ட்டிக்சன் கடலில் குளித்துவிட்டுப் பொழுது சாயத் தோட்டத்துக்குத் திரும்பிவிடுகிறோம். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, கடலுக்குள் நீட்டி நிற்கும் ஒரு குன்றின்மேல் 1863ஆம் ஆண்டு ஏற்றிய விளக்கு ஒன்று இருக்கின்றது. அதுதான் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். "ஏன் சார், லைட் ஹவுஸைப் பாக்கிறதுக்கா பஸ் எடுக்கணும்?" என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஏன் என்பதை இக்கட்டுரை சொல்லும். வாருங்கள், மனத்தால் ஒரு பஸ் ஏறுவோம்.

சொல்லே ஒரு வரலாறு

புறப்படுமுன் சொல்லைப் பார்த்துக்கொள்வோம். கலம் என்றால் மரக்கலம், கப்பல். 'கரைதல்' என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல். கப்பலைத் தன்பால் அழைக்கின்ற விளக்கு என்பதே பொருள். சிலப்பதிகாரம் புகார்த் துறைமுகத்தின் விளக்கைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படை, வானளாவிய மாடத்தின் உச்சியில் இரவில் எரிந்து கலங்களை அழைக்கும் தீயைச் சொல்கிறது. கடலோடத் தெரிந்த மக்களிடந்தானே இப்படி ஒரு சொல் பிறக்கும்! நம் முன்னோர் கடலுக்கு அஞ்சிக் கரையில் குந்தியிருந்தவர்கள் அல்லர்.

மலாக்காக் குன்றிலிருந்து தஞ்சோங் கிலிங் வரை

பஸ் மலாக்கா நகரில் செயின்ட் பால் குன்றின் அடியிலிருந்து புறப்படுகிறது. குன்றின்மேல் இடிந்த மாதா கோயிலும், அதன் முன்னே ஆங்கிலேயர் எழுப்பிய வெள்ளைக் கலங்கரைக் கோபுரமும் நிற்கின்றன. 1511இல் போர்த்துகீசியர் இந்த ஊரைப் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

போர்த்துகீசியர் வந்தபோதே இங்கே தமிழ் வணிகர் குடியிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து வந்து, காற்று திரும்பும்வரை மலாக்காவில் தங்கின. நினா சாட்டு என்று போர்த்துகீசியர் எழுதிவைத்த தமிழ் வணிகரையே அவர்கள் பெண்டகாரா பதவியில் அமர்த்தினார்கள். அந்த வணிகர் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் சாமி. தங்கத் தட்டார் தெருவில் 1781இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது.

நகரை விட்டு வடமேற்கே கடலோரமாகப் போனால் தஞ்சோங் கிலிங். தஞ்சோங் என்றால் முனை. கிலிங் என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியரைக் குறித்த பழைய மலாய்ச் சொல். அது பிற்காலத்தில் வசைச் சொல்லாகிவிட்டது. கேட்டால் நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் இந்த முனைக்குப் பெயர் வைத்த காலத்தில் அது கப்பலில் வந்த வணிகரின் பெயராக இருந்தது. பிள்ளைகளே, பெயர்ப்பலகையைப் பார்த்துத் தலை குனியாதீர்கள். இந்தக் கடற்கரையில் நம்மவர் பெயர் எவ்வளவு பழையது என்று எண்ணிப் பாருங்கள்.

மஸ்ஜிட் தானா தாண்டிப் போனால் குவாலா லிங்கி. ஆற்று வாயைக் காக்க டச்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய பிலிப்பினா கோட்டை அங்கே இருக்கிறது. ஊர் மக்கள் அதைக் கோத்தா சுப்பாய் என்பார்கள். சுப்பாய் என்பது நம் சிப்பாய்தான்!

உடைந்த முனை

பஸ் லிங்கி ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் மலாக்கா! நான்கு புறமும் நெகிரி செம்பிலான் நிலமும் கடலும் சூழ, நடுவில் ஒரு துண்டு மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்திருக்கிறது. அதுதான் தஞ்சோங் துவான்.

மலாக்காக் கரை பெரும்பாலும் மணலும் சேறும் அலையாத்தி மரமுமாய்த் தாழ்ந்து கிடப்பது. இந்த முனை அப்படி அல்ல. பாறை பாறையாய்ச் சரிந்து கடலில் இறங்குகிறது. அலை வந்து மோதி நுரை தள்ளுகிறது. போர்த்துகீசியர் இதற்கு வைத்த பெயர் காபோ ரச்சாடோ. பிளவுபட்ட முனை என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இங்கே விளக்கேற்றினார்கள் என்று சொல்வார்கள். 1606ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த முனைக்கு எதிரே டச்சுக் கப்பற்படையும் போர்த்துகீசியக் கப்பற்படையும் மோதின. இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு கப்பல்கள் அழிந்தன. அவற்றுள் ஒன்றான 'நசாவ்' என்ற டச்சுக் கப்பலின் சிதைவைக் கடலடியில் கண்டுபிடித்து 1995இல் ஆராய்ந்தார்கள்.

எதிர்க்கரையில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரந்தான். நீரிணை இங்கே ஒடுங்குகிறது. ஆதலால்தான் இங்கே விளக்கு வேண்டியிருந்தது. 1860இல், அப்போது இந்த வட்டாரத்தை ஆண்ட சிலாங்கூர் அரசு, விளக்குக் கட்டுவதற்கென்று முனையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. ஆங்கிலேயர் அதை மலாக்காவோடு சேர்த்தார்கள். சுற்றியுள்ள நிலம் பிறகு கைமாறி நெகிரி செம்பிலானில் சேர்ந்தது. முனை மட்டும் மலாக்காவாகவே நின்றுவிட்டது. ஒரு விளக்குக்காக ஒரு மாநிலத்தின் எல்லை மாறியது, பாருங்கள்!

விளக்கு எப்படி வழி சொல்கிறது?

பூமி உருண்டை. ஆகவே விளக்கு உயர உயரத்தான் ஒளி தூரம் போகும். 100 மீட்டர் உயரத்தில் நிற்பவன் கண்ணுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரை கடல் தெரியும். தஞ்சோங் துவான் விளக்கு அதற்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனெல் 1820களில் அமைத்த கண்ணாடி அடுக்கு, சிதறிப் போகும் ஒளியைச் சேர்த்து ஒரே கற்றையாக்கிக் கடல்மேல் அனுப்புகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து விளக்குகள் ஒரே மாதிரி மின்னுவதில்லை. மின்னும் இடைவெளியை எண்ணிப் பார்த்தே மாலுமி, "இது இன்ன முனை" என்று சொல்லிவிடுவான். கோபுரத்துக்கு உள்ளே போக அனுமதி வேண்டும். ஆனால் கடற்கரையிலிருந்து காட்டினூடே தார்ச்சாலையில் நடந்தே குன்றேறலாம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் போனால், சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் தேன்பருந்துக் கூட்டத்தையும் பார்க்கலாம்.

பெயர் இல்லாதவர்கள்

விளக்கு ஏற்றிய 1863இல் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. 1867இல்தான் அவை இலண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. அதுவரை இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து கல்லுடைக்க, சாலை போட, கட்டடம் எழுப்ப வைத்தார்கள். சென்னை மாகாணத்தவரும் அவர்களில் இருந்தனர். இதே நீரிணையின் தென்கோடியில் 1855இல் ஏற்றிய ராபிள்ஸ் கலங்கரை விளக்கம் இந்தியக் கைதிகள் உழைப்பால் எழுந்ததே. விளக்குக்கு ராபிள்ஸ் பெயர் கிடைத்தது. கல் சுமந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் நம்மவர்கள். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்குக்கும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கும், சிங்கப்பூருக்கும் வந்தார்கள். 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பலின் பெயர் தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை போட்டது. ஆனாலும் போக்குவரத்துக் கப்பல்கள் ஓடின. 'ரஜூலா'வுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்தபின் அந்தக் கப்பல் வழியும் முடிந்தது.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். பினாங்கில் இறங்கியவர் அந்தத் தீவின் முகா முனை விளக்கைக் கண்டிருக்கலாம். கிள்ளானில் இறங்கி ரயிலேறி மலாக்காவுக்கு வந்தவர் தஞ்சோங் துவானைக் கடலிலிருந்து கண்டிருக்கவே முடியாது. சிங்கப்பூர் வரை கப்பலில் போனவர்தான் இந்த முனையைக் கடந்தார். மேல்தட்டில் பாய் விரித்துப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிடந்த ஒரு தாய், இருட்டில் விட்டு விட்டு மின்னும் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து, "அது என்ன ஊருங்க?" என்று கேட்டிருப்பாள். இந்த மண்ணின் எல்லை அது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்?

ஆக, நம் தாத்தா எந்தத் துறையில் இறங்கினார் என்று தெரிந்தால்தான், அவர் எந்த விளக்கைக் கண்டார் என்று சொல்ல முடியும். அது நமக்குத் தெரியுமா? 1606இல் மூழ்கிய கப்பலின் பெயர் தெரிகிறது. படைத்தலைவர் பெயர் தெரிகிறது. நம் பாட்டி வந்த கப்பல் எது என்று கேட்டால் விழிக்கிறோம். எழுதிவைத்தவன் வரலாறு நிற்கிறது. எழுதாதவன் வரலாறு அவனோடு போகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, பெரட்டுக்களம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி எழும்பிய ஊர்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. ஆள் கலைந்தால் கதையும் கலையும்.

செய்ய வேண்டியது

பெற்றோர்களே, அடுத்த சுற்றுலா பஸ்ஸைத் தஞ்சோங் துவானுக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளே, போகுமுன் ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி ஐந்து கோடு போடுங்கள்: சொந்த ஊர், ஏறிய துறை, கப்பல், இறங்கிய துறை, முதல் தோட்டம். வீட்டில் இருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கப்பலில் வந்தவர் இன்று இல்லாவிட்டாலும், அவர் சொல்லக் கேட்டவர் இருப்பார். "அதெல்லாம் எதுக்குடா இப்ப?" என்பார். விடாதீர்கள். ஆண்டு மறந்திருந்தால், "சப்பான்காரன் வர்றதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், கணக்குத் தானே வரும்.

எழுதிய தாள்களைப் பள்ளியில் சேர்த்து வைத்தால், நம் தோட்டத்துக்கென்று ஒரு வரலாறு கிடைக்கும். தோட்டம் இடம் பெயர்ந்தாலும் அந்தத் தாள் நம் கையில் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், பிள்ளைகளே.