சராய்க் கணக்கும் விருந்தினர் கையொப்பமும்

ஆவணக்காப்பகப் பணிக்காகக் கொல்கத்தா செல்லும் ஆய்வாளர் பலருக்கு சடர் தெருவும் மார்க்விஸ் தெருவும் பழக்கமானவை. வங்கதேசத்திலிருந்து மருத்துவத்திற்கும் வணிகத்திற்கும் வருவோர் மிகுதியும் தங்கும் பகுதி அது. சென்ற முறை அங்கே ஒரு விடுதியில் அறை எடுத்தபோது மூன்று இடங்களில் கையொப்பமிட்டேன்: தடித்த பதிவேட்டில் ஒன்று, பொடி எழுத்தில் விதிகள் அச்சிட்ட தாளில் ஒன்று, என் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் மீது ஒன்று. விதிகள் தாளின் நகல் ஒன்று கேட்டேன். மேசையிலிருந்த முதியவர் சினங்கொள்ளவில்லை. "இவையெல்லாம் உங்களுக்கு அல்ல தாதா, தானாவுக்கு" என்றார். தானா என்றால் காவல் நிலையம்.

விதிகள் தாளைப் பொறுத்தவரை அவர் கூறியது பிழை. பதிவேட்டைப் பொறுத்தவரை, வரலாற்று நோக்கில், முற்றிலும் சரி.

வழிப்போக்கரைப் பற்றி அரசுக்கு அறிவிக்கும் கடமை மிகப் பழையது. அர்த்தசாஸ்திரத்தில் நகர நிர்வாகம் பற்றிய பகுதி, அறச்சாலை நடத்துவோரும் வீட்டுக்காரரும் வந்தவர், போனவர் விவரத்தை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனினும் நமக்குத் தெரிந்த வடிவில் அக்கடமையை எழுதிவைத்தது, கல்கத்தா தலைநகராயிருந்த காலத்துப் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய 1867ஆம் ஆண்டின் சராய் சட்டம். அதன் 8ஆம் பிரிவு நுணுகி வாசிக்கத் தக்கது. ஆணை பிறப்பிக்கப்பட்டால், முந்தைய பகலிலோ இரவிலோ சராயில் தங்கிய ஒவ்வொருவரைப் பற்றியும் சராய்க்காரர் வாய்மொழியாகவோ எழுத்திலோ மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட காலத்திற்கு எழுத்து அறிக்கை வேண்டுமெனில் அதற்கான அட்டவணைப் படிவத்தை மாஜிஸ்திரேட்டே வழங்குவார். படிவம் அங்கிருந்து வருகிறது, நிரம்பியபின் அங்கேயே திரும்புகிறது. தங்கியவர் அதில் செய்தியாக இருக்கிறார். அத்தாளைப் பெறுபவராக எங்கும் இல்லை.

ஆயின் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு. சராய்க்குரிய கட்டணப் பட்டியலை, மாஜிஸ்திரேட் குறிப்பிடும் இடத்தில், அவர் குறிப்பிடும் வடிவிலும் மொழிகளிலும் பார்வைக்கு வைக்க வேண்டும். மொழிகள் எனப் பன்மையில் கூறியிருப்பது கவனத்திற்குரியது. பயணியின் பக்கம் திரும்பியிருந்த எழுத்து அச்சட்டத்தில் இது ஒன்றே. அதையும் அவர் கையில் எடுத்துச்செல்ல இயலாது; சுவரில் படித்துக்கொள்ளலாம். அப்பிரிவின் பிற கடமைகள் கிணறு, குளம் தூய்மை செய்தல், திருடர் உள்ளே இறங்க உதவும் மரக்கிளைகளை வெட்டுதல் என்றவாறு செல்கின்றன. டேவிட் வில்சன் 1840-41 அளவில் ஆக்லந்து ஓட்டல் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் ஆன மாளிகையை மனத்தில் வைத்து இவற்றை எவரும் எழுதியிருக்க முடியாது என்பது என் கருத்து. அட்டவணையில் ஏற்றப்பட வேண்டியவர் பெருவழியில் நடந்துவந்த உள்நாட்டுப் பயணியே.

1939ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் பதிவுச் சட்டமும் அதன் விதிகளும் இப்பார்வையை விடுதிகள் அனைத்தின் மீதும் விரித்தன. வருகையாளர் பதிவேட்டில் விவரம் தர வேண்டும். அயல்நாட்டவர் எனில் 24 மணி நேரத்திற்குள் 'சி' படிவம் பதிவு அலுவலரைச் சென்றடைய வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துள்ளது. அறிவிக்கும் கடமை தொடர்கிறது.

இனி அந்த இரண்டாவது தாள். அது காவல்துறைக்கு உரியதன்று. விருந்தினருக்கும் விடுதிக்கும் இடையிலான ஒப்பந்தம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் இரண்டு ஆங்கிலேய வழக்குகள் இங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன. 1934இன் லெஸ்ட்ரேஞ்ச் வழக்கு, கையொப்பமிட்டவர் படிக்காவிட்டாலும் கட்டுண்டவர் என்றது. 1949இன் ஆலி வழக்கு, ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டதால், பின்னர் அறையில் காணும் பொறுப்புத் துறப்பு அறிவிப்பு விருந்தினரைக் கட்டாது என்றது. ஆகவே அறைச் சுவரில் இருந்த வாசகங்கள் மேசைக்கு இறங்கி, கையொப்பத்துக்கு மேலே ஏறிக்கொள்வதே விடுதிக்குப் பாதுகாப்பு. எதில் கையொப்பமிட்டோம் என்பதைப் பின்னர் மெய்ப்பிக்க வேண்டிய நாளில் தாள் எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கும். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் நிலைமை வேறு. 1998இல் தில்லியில் அந்த ஓட்டலின் பொறுப்பில் விட்ட கார் களவுபோயிற்று. 'சொந்தப் பொறுப்பில்' என்று அச்சிட்ட நிறுத்தச் சீட்டு விருந்தினரிடமே கொடுக்கப்பட்டிருந்தது. ஓட்டலின் ஊழியர் வாங்கி நிறுத்திய வண்டி அவ்வாறு தொலைந்தால், தன் கவனக்குறைவுக்கு அவ்வாசகத்தைக் கேடயமாக்க முடியாது என்றது நீதிமன்றம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்கு ரசீது தராமையை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒருதலையான ஒப்பந்தங்களை எதிர்க்கவும் வழி செய்கிறது. ரசீது என்பது பணத்திற்கான சான்று, விதிகளுக்கானதன்று. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் தன் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையையே பேசுகிறது. ஒப்பமிட்ட தாளின் படியை அன்று. மூன்றாவது தாளின் கதை இன்னும் வேடிக்கையானது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு வட்டார அலுவலகம், உரிமம் பெறாத ஓட்டல்கள் ஆதார் நகலைப் பெறவோ வைத்திருக்கவோ கூடாதென அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி இரண்டே நாளில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

மறுநாள் காலை அறையைக் காலி செய்கையில் மீண்டும் கேட்டேன். விதிகள் தாளைச் சற்றுத் தயங்கி நீட்டினார், கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். பதிவேட்டையும் படமெடுக்கலாமா என்றபோது மறுத்தார். அப்பக்கத்தில் வேறு பதினொரு பேரின் ஊரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. நான் அவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பிறகு அவரே ஆனந்த பஜார் நாளிதழை மடித்து மேல் வரிகளை மறைத்து, ஒரு காகித உறையால் கீழ் வரிகளையும் மூடி, "இப்போது எடுங்கள்" என்றார்.