வன்னி வரலாற்று மூலங்களும் நிலைபேற்று அடையாளங்களும்

ஒருவரைப் பல பெயர்களாலும், ஓர் ஊரைப் பல எழுத்துக்கூட்டல்களாலும் குறித்தல் வரலாற்று மூலங்களின் இயல்பாகும். வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே.

இம்மூலங்கள் ஓரிடத்தில் அமைந்தனவுமல்ல. ஒல்லாந்த அதிகாரியான தோமஸ் நாகெல் 1793 இல் வன்னி பற்றி அறிக்கை வரைந்தார். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பெற்ற கல், 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தமையைக் கூறியது. ஜே. பி. லூயிஸ் ஆங்கிலத்தில் ஆக்கிய வன்னி மாவட்டக் கைந்நூல் 1895 இல் வெளிவந்தது. அறிக்கை ஆவணக் காப்பகத்திற்கும், கல் தொல்லியலுக்கும், நூல் நூலகத்திற்கும் உரியன. ஒரே நிலத்தைப் பேசுவன மூவேறு பட்டியல்களில் அடங்கின.

இக்குறையை ஒருவாறு நீக்க எழுந்ததே நிலைபேற்று அடையாள முறை. ஆவணத்தின் இணைய முகவரி மாறினும் அதன் எண் மாறாது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகமும் ஒவ்வோர் ஆவணத்திற்கும் தனியெண் வழங்குகின்றது. ஆயினும், எண் ஒரு பொருளைச் சுட்டுமேயன்றி, அதற்கும் பிறவற்றுக்குமுள்ள உறவைச் சுட்டாது.

உறவைப் பதிவுசெய்வது வரைபுத் தரவுத்தளம். ஆள், ஊர், ஆவணம் ஆகியன அதிற் கணுக்களாகும். ‘குறிப்பிடுகின்றது’, ‘மறுபெயர்’ என்பன அவற்றை இணைக்கும் தொடுப்புகளாகும். எழுத்தொப்புமை நோக்கும் தேடல் ஒரு பெயருடன் நின்றுவிடும். வரைபிலோ, கற்சிலைமடுவிலிருந்து பண்டாரவன்னியனுக்கும், அவனிலிருந்து லூயிசின் நூலுக்கும் வழி உண்டு. ஐரோப்பாவில் 2017 முதல் 2020 வரை நடைபெற்ற ‘பிரேயா’ திட்டம் ஆய்வாளர், கட்டுரை, தரவு ஆகியவற்றின் அடையாளங்களை இவ்வாறே இணைத்தது.

எனினும், தொடுப்பு தானே உண்மையாகிவிடாது. பண்டாரவன்னியன் 1803 இலேயே மாண்டான் என்போரும், அதன் பின்னும் வாழ்ந்தான் என்போரும் உளர். ஆகவே ஒவ்வொரு தொடுப்பும் அதனைக் கூறும் சான்றையும் உடன் ஏந்துதல் வேண்டும். அன்றேல், பொறி விரைந்து தருவது பிழையையே.

2009 இல் முடிவுற்ற போரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வீடுகளிலிருந்த ஏடுகளும் காணி உறுதிகளும் பல அழிந்தன. எஞ்சியவை கொழும்பிலும் கடல் கடந்தும் சிதறிக் கிடக்கின்றன. இருந்தும் தேடிக் காணவியலாத ஆவணம் இழந்த ஆவணத்திற்கு ஒப்பானது. எஞ்சியவற்றை இணைத்தல், வன்னி வரலாற்றை மீட்டற்கு முதற்படியாகும்.