சதுரங்கப் பலகையும் திறன்பலகையும்

மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. அந்த வெற்றியில் நம் கணக்கு வாத்தியார்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2500 புள்ளி நிலையை எட்டும் வரை அவருடைய பயிற்சியில், நகர்த்தல்களைக் கணித்துச் சொல்லும் கணினி என்ஜினுக்கு இடமில்லை. ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிற காலத்தில், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தெரிந்தே எடுத்த முடிவு அது. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். என்ஜின் அதன் பிறகு வந்து சேர்ந்தது.

பள்ளிக் கணக்கு வகுப்பில் நடப்பது வேறு. 2018 முதல் வந்த தமிழக அரசின் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பகுதி பிள்ளைகளை ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளுக்கு அழைத்துப் போகிறது. வகுப்பறைகளுக்குத் திறன்பலகை வந்துகொண்டிருக்கிறது. கருவியைப் பிள்ளைகளிடம் எவ்வளவு சீக்கிரம் சேர்ப்பது என்பதே இங்கே பேச்சு. சதுரங்கப் பயிற்சியிலோ எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விடை வரும் நேரம்

என்ஜின் ஒரு நிலையைப் பார்த்ததும் யாருக்கு எவ்வளவு சாதகம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடும், காரணத்தைச் சொல்லாது. எண்ணைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதற்குமேல் தேடத் தோன்றுவதில்லை. சிங்கப்பூர்ப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். என்ஜினோடு நேரலை பார்த்தவர்களுக்கு அது அந்த நொடியே தெரிந்துவிட்டது. பலகைக்கு முன் இருந்த குகேஷுக்குச் சொல்ல யாருமில்லை. யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சுகிற ராஜா, சிப்பாய் ஆட்டம் தனக்குச் சாதகம் என்பதை அவரே தலைக்குள் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

பத்தாம் வகுப்பின் பரவளையத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் வாத்தியார் ஒரு பாடவேளையில் இரண்டு வளைவு வரைந்தால் அதிகம். ஜியோஜீப்ராவில் ஸ்லைடரை இழுத்தால் வளைவு விரியும், ஒடுங்கும், தலைகீழாகக் கவிழும். சாக்பீஸால் முடியாத காரியம் இது. ஆனால் இழுப்பதற்கு முன், "x² இன் கெழு குறை எண்ணானால் வளைவு என்ன ஆகும்? நோட்டில் வரை" என்று கேட்டால் திறன்பலகை ஊகத்தைச் சரிபார்க்கும் கருவியாகிறது. கேட்காமல் இழுத்துக் காட்டினால் அது வெறும் வேடிக்கை.

தவறு என்ன ஆகிறது

சதுரங்கத்தில் நகர்த்தலை எழுதிவைப்பது போட்டி விதி. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அந்தத் தாளோடு உட்கார்ந்து, "இந்த இடத்தில் என்ன நினைத்தாய்?" என்று கேட்பார். தோற்ற ஆட்டத்துக்கே அங்கே மதிப்பு அதிகம்.

வகுப்பில் தவறு அழிக்கப்படுகிறது. ஏழெட்டு எவ்வளவு என்றால் ஒரு பிள்ளை 54 என்கிறது, இன்னொன்று 15 என்கிறது. முதல் பிள்ளை வாய்ப்பாட்டில் சறுக்கியிருக்கிறது. இரண்டாவது, பெருக்குவதற்குப் பதில் கூட்டியிருக்கிறது. சரியான விடையைத் தொடச் சொல்லும் செயலிக்கு இரண்டும் ஒரே சிவப்புக் குறிதான். வித்தியாசத்தைக் காண நோட்டைப் புரட்டுகிற வாத்தியார் வேண்டும். திருத்தும் வேலையைச் செயலி எடுத்துக்கொண்டால், மிச்சமாகும் நேரம் அவருக்கு இதற்காகக் கிடைக்க வேண்டும். விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் வேலையில் அந்த நேரம் கரைந்தால் கருவி வந்து பயனில்லை.

ஒப்புமை நிற்காத இடம்

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சதுரங்கப் பயிற்சியாளர் எதிரில் இருப்பது ஆர்வத்தோடு வந்த ஒரே பிள்ளை. குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியையே விட்டவர். கணக்கு வாத்தியார் முன் நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுகிறவர்களும் உண்டு. "அடிப்படை வந்தபின்தான் கருவி" என்று அவர்களிடம் சொன்னால், கருவி அவர்களுக்கு வரவே வராது. தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலையிலிருந்து தொடங்குவது இதனால்தான். கீழ்நிலைப் பிள்ளைக்குப் படமும் அசைவும் முதல் நாளே உதவும். ஆகவே பள்ளி கடன் வாங்க வேண்டியது என்ஜின் இல்லாத ஆண்டுகளை அன்று; ஒவ்வொரு கணக்கிலும் முதலில் பிள்ளை யோசிக்கட்டும், பிறகு கருவி வரட்டும் என்ற வரிசையை.

இன்னொரு வேறுபாடு தேர்வில் இருக்கிறது. போட்டி அரங்கில் என்ஜினுக்கு அனுமதி இல்லை. அங்கே வருகிற நிலையும் புதியது. அதனால் பயிற்சியாளரின் கண்டிப்புக்குப் பலன் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பொதுத்தேர்விலும் கால்குலேட்டர் கிடையாது. ஆனால் கேள்விகளில் பெரும்பகுதி, பழகிய வழிமுறையைப் பிசகாமல் எழுதச் சொல்கிறது. கணக்கைப் படம் பிடித்த நொடியில் கைப்பேசிச் செயலி செய்வதும் அதைத்தான். "விடை தோராயமாக எவ்வளவு வரும், ஏன்?", "இந்தச் செய்முறையில் எந்த வரி தவறு?" போன்ற கேள்விகளுக்கு மதிப்பெண் வந்தால், திறன்பலகையை எப்போது திறப்பது, எப்போது மூடிவைப்பது என்று வாத்தியாருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருக்காது.