ஆப்பிரிக்கச் செய்தித் தரவுத்தளங்கள்

ஆப்பிரிக்க நாடுகளின் நாளிதழ்களும் வார இதழ்களும் செய்தி நிறுவனங்களும் வெளியிடும் செய்திகளை ஓரிடத்தில் திரட்டி, நாடு, பொருள், நாள், இதழ் எனப் பிரித்துத் தேடிப் படிக்க வகைசெய்யும் இணையச் சேமிப்புகள் ஆப்பிரிக்கச் செய்தித் தரவுத்தளங்கள் எனப்படுகின்றன. இவற்றில் பரவலாக அறியப்பட்டது 2000-இல் தொடங்கப்பட்ட ஆல்ஆஃப்ரிக்கா. நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கச் செய்தி நிறுவனங்களின் செய்திகளை அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நாள்தோறும் வெளியிடுகிறது. ஆப்பிரிக்கச் செய்தி எங்கே அச்சானது என்பது ஒன்று; எங்கே பாதுகாக்கப்பட்டது என்பது வேறொன்று. இரண்டும் ஒரே ஊராக இருந்தது அரிது. தேடும்போது எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தீர்மானித்ததில் அந்த இடைவெளிக்குப் பெரும் பங்கு உண்டு.

காகிதக் காலம்

சகாராவுக்குத் தெற்கே அச்சு இதழ் 1800-இல் கேப் டவுனில் தொடங்கியது. அடுத்த ஆண்டே சியரா லியோனில் அரசிதழ் ஒன்று வந்தது. 1859-இல் இன்றைய நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் ஹென்றி டவுன்சென்ட் என்ற பாதிரியார் யொருபா மொழியில் ‘இவெ இரோஹின்’ இதழை நடத்தினார். இந்தப் பழைய இதழ்களில் பலவற்றின் முழுத் தொகுப்பு அவை அச்சான ஊரில் இன்று இல்லை. ஈரப்பதமும் கரையானும் அரித்தவை போக எஞ்சியவை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நுண்படச் சுருள்களாகப் போய்ச் சேர்ந்தன. இதற்காகவே 1963-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் கூடி ஒரு கூட்டுத் திட்டம் அமைத்தன. அதன் சுருள்கள் சிகாகோவிலுள்ள ஆய்வு நூலக மையத்தில் வைக்கப்பட்டன. அந்த மையத்தோடு இணைந்து ரீடெக்ஸ் நிறுவனம் 1800 முதல் 1922 வரையிலான ஆப்பிரிக்க இதழ்களை எண்ணிம வடிவில், சொல் தேடும் வசதியோடு, பின்னாளில் வெளியிட்டது. அதைப் பயன்படுத்த நூலகங்கள் பணம் கட்ட வேண்டும். தன் ஊரில் அச்சான இதழைப் படிக்க ஒரு மேற்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் அமெரிக்க நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது.

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்னில் உள்ள ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் 1978 முதல் உள்நாட்டு நாளிதழ்களை வெட்டிப் பொருள்வாரியாகக் கோப்பில் சேர்த்தது. அந்த நறுக்குகள் பின்னர் எஸ்.ஏ. மீடியா என்னும் தரவுத்தளமாயின. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு நடந்த அந்த வேலைக்கு ஒரு நன்மை உண்டு. செய்தியை மனிதர் ஒருவர் படித்துப் பொருள் குறித்திருப்பார். தலைப்பில் வராத விஷயமும் தேடலில் அகப்படும்.

டெல்லி, கொழும்பு, டாக்கர்

1957-இல் விடுதலைக்கு முந்தைய நாள் கானா தன் செய்தி நிறுவனத்தைத் தொடங்கியது. அடுத்தடுத்து விடுதலை பெற்ற நாடுகள் பலவும் அவ்வாறே செய்தன. ஆனாலும் நைரோபியில் நடந்தது லாகோசில் தெரிய வேண்டுமானால் அது ராய்ட்டர்ஸ் வழியாக லண்டனுக்கோ, ஏ.எஃப்.பி. வழியாகப் பாரிசுக்கோ சென்று திரும்ப வேண்டியிருந்தது. எது செய்தி, எது செய்தியல்ல என்பதும் அங்கேயே முடிவாயிற்று. இந்த மனக்குறையை அணிசேரா நாடுகள் கையில் எடுத்தன. 1975 ஜனவரியில் யூகோஸ்லாவியாவின் தான்யுக் நிறுவனம் பிற நாட்டுச் செய்திகளை வாங்கி மறுபடி ஒலிபரப்பத் தொடங்கியது. 1976 ஜூலையில் டெல்லியில் கூடிய அமைச்சர்கள் இதை அணிசேரா நாடுகளின் செய்தித் தொகுப்பாக முறைப்படுத்தினர். அடுத்த மாதம் கொழும்பில் நடந்த ஐந்தாவது உச்சி மாநாடு ஒப்புதல் தந்தது.

ஆப்பிரிக்கா தனக்கென அமைத்தது பானா எனப்படும் அனைத்து ஆப்பிரிக்கச் செய்தி நிறுவனம். 1979-இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அதை உருவாக்கியது. 1983 மே 25 அன்று டாக்கரிலிருந்து அது வேலையைத் தொடங்கியது. தேசிய நிறுவனங்கள் அனுப்பும் செய்தி வட்டார நிலையங்களில் சேர்ந்து டாக்கருக்குப் போய், அங்கிருந்து கண்டம் முழுவதற்கும் போக வேண்டும் என்பது திட்டம். திட்டத்தில் குறையில்லை, வந்து சேர்ந்த சரக்கில்தான் குறை. அமைச்சர் அடிக்கல் நாட்டினார், அதிபர் வெளிநாட்டுத் தூதரை வரவேற்றார் என்ற வகைச் செய்திகளே அதிகம் வந்தன. அனுப்பியவை அரசு நிறுவனங்கள் அல்லவா? உறுப்பு நாடுகளின் சந்தாவும் நிலுவையில் கிடந்தது. 1990-களில் யுனெஸ்கோவின் துணையோடு நிறுவனம் சீரமைக்கப்பட்டு பானாபிரஸ் என்ற பெயரில் வணிக முறைக்கு மாறியது. பானா தோற்றது என்று எழுதுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: ஒரு கண்டத்தின் செய்தியை ஒரே குழாயில் ஓடவிடும் வேலையைக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அங்கேதான் உருவானது. அவர்களில் ஒருவர் செனகலைச் சேர்ந்த அமாடு மஹ்தார் பா.

டர்ஹாமில் தொடங்கியது

மற்றொரு கிளை அமெரிக்காவில் வளர்ந்தது. 1973-இல் வட கரோலைனாவின் டர்ஹாம் நகரில் ரீட் கிரேமர், டமேலா ஹல்ட்மன் முதலியோர் ஆஃப்ரிக்கா நியூஸ் சர்வீஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினர். அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் போர்த்துகீசியருக்கு எதிரான போர், ரொடீசியாவில் வெள்ளையர் ஆட்சி, தென்னாப்பிரிக்காவில் இனவொதுக்கல் என்று தெற்கு ஆப்பிரிக்கா கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்க நாளிதழ்களில் அதற்குக் கிடைத்த இடமோ சொற்பம். இந்தச் சிறு குழு ஆப்பிரிக்கச் செய்திகளைத் தொகுத்து இதழாக அச்சிட்டது. வானொலி நிலையங்களுக்கும் நாளிதழ்களுக்கும் தந்தது.

இணையம் வந்தபோது அச்சுச் செலவும் தபால் செலவும் மிச்சமாயின. தென்னாப்பிரிக்காவின் ‘மெயில் அண்ட் கார்டியன்’ வார இதழ் 1994-இலேயே இணையத்துக்கு வந்துவிட்டது. 1995-இல், ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் பெரும் ஏரிகள் பகுதியில் அகதிகள் நெருக்கடி முற்றியிருந்தபோது, ஐ.நா. நைரோபியில் ஐரின் என்ற செய்திச் சேவையைத் தொடங்கியது. நிவாரணப் பணியாளருக்கென எழுதப்பட்ட அதன் செய்திகளை எவரும் எடுத்து வெளியிடலாம் என்பதால் ஆப்பிரிக்க இதழ்களிலும் தரவுத்தளங்களிலும் அவை பெருகின. (ஐரின் 2015-இல் ஐ.நா.விலிருந்து பிரிந்தது, 2019 முதல் அதன் பெயர் ‘தி நியூ ஹியூமானிடேரியன்’.) டர்ஹாம் குழுவும் 1990-களின் நடுவில் இணையத்தில் இறங்கியது. ஆல்ஆஃப்ரிக்காவின் சேமிப்பு 1996 வரை பின்னோக்கிச் செல்வது இதனால்தான்.

2000-இல் கிரேமர், ஹல்ட்மன் இருவரும் அமாடு பாவுடன் சேர்ந்து ஆல்ஆஃப்ரிக்கா குளோபல் மீடியா நிறுவனத்தைத் தொடங்கினர். டர்ஹாமின் தொகுப்பு அனுபவமும் டாக்கரின் தொடர்புகளும் ஒன்று சேர்ந்தன. நிறுவனத்தின் பதிவு மொரீஷியசில்; பின்னர் கேப் டவுன், டாக்கர், நைரோபி, மன்ரோவியா போன்ற நகரங்களிலும் வாஷிங்டனிலும் அலுவலகங்கள் அமைந்தன. நாளிதழ்களோடு அது செய்துகொண்ட ஏற்பாடு எளிது. இதழ் தன் செய்தியைத் தரும். ஆல்ஆஃப்ரிக்கா அதை வடிவமைத்து, நாடும் பொருளும் குறித்து, இதழின் பெயரோடு வெளியிடும். செய்திக்குப் பொறுப்பு இதழுடையது. லெக்சிஸ்நெக்சிஸ், ஃபேக்டிவா போன்ற கட்டணத் தரவுத்தளங்களுக்கும் அது செய்தியை விற்றது. அண்மைச் செய்திகளில் பெரும்பகுதியை இலவசமாகப் படிக்கலாம். பழைய சேமிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும்.

அன்றைய நிலையில் இதழ்களுக்கு இது இலாபமான ஏற்பாடே. மேற்குக் கடற்கரைக்கு சாட்-3 கடலடி கேபிள் 2002-இல் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவோ 2009-இல் சீகாம் கேபிள் இறங்கும் வரை விலையுயர்ந்த செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தது. தானே தளம் நடத்துவதைவிட ஒரு நாளின் பக்கங்களை அனுப்பிவைப்பது எளிதாக இருந்தது. தளம் மாற்றும்போதும் உரிமையாளர் மாறும்போதும் பல இதழ்கள் தங்கள் பழைய பக்கங்களைத் தொலைத்துவிட்டன. பிறரிடம் கொடுத்த படி பிழைத்தது. மூடப்பட்ட இதழ்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தேடலின் நுட்பம்

தேடல் பெட்டியில் ‘நைஜர்’ என்று இட்டால் என்ன வருகிறது? நியாமேயைத் தலைநகராகக் கொண்ட நாடு வரும். அதைவிட அதிகமாக, மின்னாவைத் தலைநகராகக் கொண்ட நைஜீரியாவின் நைஜர் மாநிலமும், எண்ணெய்க் குழாய் உடைப்பும் ஆள்கடத்தலுமாக நைஜர் டெல்டாவும், மழைக்காலத்தில் நைஜர் ஆற்று வெள்ளமும் வரும். ஆங்கில இதழ்களில் நைஜீரிய இதழ்களே எண்ணிக்கையில் மிகுதி; பிரெஞ்சு பேசும் நைஜர் நாடு அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போகிறது. பழகியவர்கள் ‘நைஜர்’ உடன் ‘நியாமே’ சேர்ப்பார்கள், ‘டெல்டா’வையும் ‘மின்னா’வையும் விலக்குவார்கள், பிறகு அதே தேடலைப் பிரெஞ்சுப் பக்கத்தில் நடத்துவார்கள். பெரும்பாலும் கடைசிப் படியில்தான் தேடியது கிடைக்கும்.

பெயர் மாற்றங்கள் அடுத்த தடை. கோமா அகதி முகாம்கள் பற்றிய 1996-ஆம் ஆண்டுச் செய்தி ‘ஸைர்’ என்ற பெயரில் இருக்கும். 1997 மே மாதத்துக்குப் பிறகு அதே ஊர் காங்கோ ஜனநாயகக் குடியரசில். பக்கத்திலேயே பிராசவில்லைத் தலைநகராகக் கொண்ட இன்னொரு காங்கோ. ஸ்வாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆயிற்று. நுண்படத் தொகுப்புகளில் தேடுபவர் அப்பர் வோல்டா (1984 முதல் புர்கினா ஃபாசோ), தஹோமி (1975 முதல் பெனின்), சாலிஸ்பரி (1982 முதல் ஹராரே) என்று ஒரு பழைய நிலப்படத்தையே மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதழின் பெயரும் ஏமாற்றும். ‘டெய்லி நியூஸ்’ என்ற பெயரில் தார் எஸ் சலாமில் ஒன்று, கபரோனில் ஒன்று, ஹராரேயில் ஒன்று, டர்பனில் ஒன்று. முதல் இரண்டும் அரசுடையவை. ஹராரே இதழோ 1999-இல் ஜெஃப் ந்யாரோட்டா தொடங்கி, ஜிம்பாப்வேயின் முகாபே அரசைக் கடுமையாக விமர்சித்தது. 2001 ஜனவரியில் அதன் அச்சகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது, 2003-இல் அது மூடப்பட்டது. ஒரே பெயருள்ள இதழ்கள் ஒரே தேர்தலைப் பற்றி எழுதியதை வைத்து ஆய்வு செய்பவர், ஊரைப் பார்க்காவிட்டால், அரசின் குரலையும் எதிர்ப்பின் குரலையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்.

பயன்பாடும் வரம்பும்

1997 முதலான ஆப்பிரிக்க மோதல்களைப் பதிவு செய்யும் அக்லெட் தரவுத் தொகுப்பு இத்தகைய செய்திகளைப் பெரிதும் நம்பியது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு செய்தியையும் படித்து நாள், இடம், மோதியவர், இறந்தவர் எனப் பட்டியலிடுகிறார்கள். நோய்க் கண்காணிப்பிலும் இதன் பயன் உண்டு. 2014 மார்ச் 14 அன்று, கினியின் மசென்டாவில் மர்மக் காய்ச்சல் பரவுவதாக வந்த பிரெஞ்சுச் செய்தியை இணையச் செய்திகளில் நோய்க் குறிப்புகளைத் தேடும் பாஸ்டனின் ஹெல்த்மேப் பொறி பிடித்தது; அது எபோலா என்பதை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 23-ஆம் தேதி. பொறியின் சாமர்த்தியமாக இதைக் கொண்டாடினார்கள். ஆனால் கினி அரசு அந்த நோயைப் பற்றி அதற்கு முந்தைய நாளே வெளிப்படையாகப் பேசியிருந்தது. கவனிக்கப்பட வேண்டியது பொறியின் வேகம் அல்ல, ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவருக்கு அந்தச் செய்தி கண்ணில் பட்டிருக்காது என்பதே.

செய்தி இல்லாமை நிகழ்வு இல்லாமை ஆகாது. 2020 நவம்பரில் எத்தியோப்பியா டிக்ரே பகுதியின் தொலைபேசியையும் இணையத்தையும் துண்டித்தபோது, போர் உச்சத்தில் இருந்த வாரங்களில் உள்ளூரிலிருந்து வந்த செய்தி மிகக் குறைவு. தரவுத்தளத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அது அமைதியாகத் தோன்றியிருக்கும். உகாண்டாவில் 2021 ஜனவரித் தேர்தலின்போதும் இணையம் முடக்கப்பட்டது. கண்டத்தின் பெரும்பாலோருக்குச் செய்தி வானொலி வழியே போய்ச் சேருகிறது. ஒலிபரப்பானது தேடலில் ஏறுவதில்லை.

மொழி இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு. வட நைஜீரியாவின் ஹவுசா இதழான ‘கஸ்கியா தா ஃபி குவாபோ’ 1939-இல் தொடங்கியது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிய நாளிதழ் ‘அடிஸ் செமென்’ 1941-இல் தொடங்கியது. தான்சானியாவில் மக்கள் வாங்கிப் படிப்பது ‘ம்வனாஞ்சி’ போன்ற சுவாகிலி நாளிதழ்களை. ஒரு கிராமத்து நிலத் தகராறு, சந்தையில் சோள விலை, மசூதிக் குழுவின் பிளவு ஆகியவை முதலில் எழுதப்படுவது இந்த மொழிகளில்தான். தலைநகரின் ஆங்கில நாளிதழுக்கு அவற்றில் சிலவே, அதுவும் சுருங்கி, போய்ச் சேருகின்றன. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத நினைக்கும் ஆய்வாளரும் செய்தியாளரும் ஆங்கிலத் தேடலோடு நின்றுவிடாமல் பிரெஞ்சிலும், முடிந்தால் அந்தந்த நாட்டு இதழின் சொந்தத் தளத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். ஆல்ஆஃப்ரிக்கா செய்தி வெளியிடுவது இன்றும் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளில் மட்டுமே.