மூலமும் நகலும்: வீட்டில் கட்டிய விளையாட்டுப் பொறியின் கதை

'போலச்செய்தல்' என்னும் சொல்லை அரிஸ்டாட்டிலின் கலைக்கொள்கையை விளக்கும்போது நாம் பயன்படுத்தி வருகிறோம். கணினித் துறையில் 'எமுலேஷன்' என்று வழங்குவதற்கும் இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு கணினி, தன் இயல்பை மறைத்துக்கொண்டு, வேறொரு கணினியைப்போல் நடந்துகொள்வதே அது. மறைந்துபோன பழைய வீடியோ விளையாட்டு எந்திரங்களைப் புதிய கணினியில் உயிர்ப்பிக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். செயலி, நினைவகம், வரைகலை அட்டை, திரை என ஒவ்வோர் உறுப்பாகத் தேர்ந்தெடுத்து அவர்கள் வீட்டிலேயே பொறி கட்டுகிறார்கள். எந்த உறுப்பை வாங்குவது என்பது கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றலாம். அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், மூலத்துக்கு நகல் எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வியில் போய் நிற்கிறோம். இலக்கிய வாசகர்கள் முன் இதைப் பேசத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

இந்த உத்தி விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1959இல் வெளியிட்ட 1401 என்னும் கணினி வணிக நிறுவனங்களில் பெருவழக்காகப் பரவியது. 1964இல் அதே நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பழைய கணினிக்காக எழுதிச் சேர்த்த நிரல்களையெல்லாம் புதிதாக எழுத வேண்டுமென்றால் எந்த வாடிக்கையாளர் புதியதை வாங்குவார்? எனவே 1401இன் கட்டளைகளை அப்படியே ஏற்று நடத்தும் ஏற்பாட்டைப் புதிய எந்திரத்தின் உள்ளேயே அமைத்தார்கள். 'எமுலேட்டர்' என்ற பெயர் கணினித் துறைக்கு வந்தது அந்தப் பணியின்போதுதான். பழையதைக் கைவிட முடியாத நிலையே போலச்செய்தலுக்குத் தாய் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

விளையாட்டு எந்திரங்களுக்கு வருவோம். அடாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் வடிவமைத்த 'பாங்' 1972இல் வெளிவந்தது. அதில் செயலியும் இல்லை, நிரலும் இல்லை. ஆட்டம் முழுவதும் மின்சுற்றாகவே இருந்தது. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் 8080 செயலியைக் கொண்டிருந்தது. 1980இல் நாம்கோவின் 'பேக்-மேன்' 3.072 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இசட்-80 செயலியோடு வந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. செயலியும் நிரலும் தனித்தனியாகப் பிரிந்த பிறகுதான், நிரலைப் பெயர்த்தெடுத்து வேறொரு பொறியில் ஓட்டுவது இயல்வதாயிற்று. 'பாங்' போன்றவற்றைப் போலச்செய்ய வேண்டுமானால் மின்சுற்றின் ஒவ்வொரு கூறையும் கணக்கிட்டு நடிக்க வேண்டும். அதனால் எளிய தோற்றமுடைய அந்த முதல் ஆட்டம், பின்வந்த பல ஆட்டங்களைவிட இன்றைய செயலிக்குக் கூடுதல் சுமை தருகிறது.

1997 பிப்ரவரி 5 அன்று இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். தனித்தனி ஆட்டங்களுக்குத் தனித்தனியாக எழுதிய நிரல்களை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்த முயற்சி அது. ஆட்டத்தை விளையாடக் கிடைக்கச் செய்வது இரண்டாம் பயன். பழைய எந்திரங்கள் எவ்வாறு இயங்கின என்பதைப் பதிவுசெய்வதே முதல் நோக்கம் என்று மேம் குழுவினர் தொடர்ந்து சொல்லி வந்துள்ளனர். 2016இல் அது கட்டற்ற மென்பொருளாகவும் ஆயிற்று.

அக்காலத்து ஆர்வலர் ஒருவர் கணினி உறுப்புகளைத் தேர்வதில் அதிகம் தடுமாற வேண்டியிருக்கவில்லை. 3 மெகாஹெர்ட்ஸ் செயலியை நடிக்க 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் போதுமானதாக இருந்தது. மூலச் செயலியின் ஒரு கட்டளையை நிறைவேற்றப் புதிய செயலி பல கட்டளைகளைச் செலவிட வேண்டும்; அந்தச் செலவுக்கு இடம் இருந்தது.

இடம் இல்லாதபோது என்ன செய்வது? 1999 ஜனவரியில் வந்த 'அல்ட்ரா-ஹெச்.எல்.இ.' அதற்கு ஒரு விடை தந்தது. நின்டெண்டோ 64 சாதனம் சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதன் வரைகலைச் சில்லுகளை வரிக்கு வரி நடிப்பதற்கு அன்றைய வீட்டுக் கணினிகளுக்கு வலுவில்லை. ஆகவே அந்த மென்பொருளை எழுதியவர்கள் சில்லுகளை விட்டுவிட்டு, ஆட்டம் அவற்றிடம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் பிடித்தார்கள். ஒரு முக்கோணம் வரையச் சொன்னால், கணினியிலிருந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ அட்டையிடம் அதை ஒப்படைத்தார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் கருத்தை மட்டும் பெயர்க்கும் முறை இது. தெரிந்தெடுத்த சில ஆட்டங்கள் அழகாக ஓடின, பல ஓடவில்லை. வூடூ அட்டை இல்லாதவர்களுக்கோ எதுவுமே இல்லை. போலச்செய்தலுக்காகவே ஒரு குறிப்பிட்ட உறுப்பை வாங்கும் பழக்கம் அப்போதுதான் பரவலாகத் தொடங்கியது.

அதே மாதம் கனெக்டிக்ஸ் நிறுவனம் மாக்கிண்டாஷ் கணினியில் பிளேஸ்டேஷன் ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளை அறிமுகப்படுத்த, சோனி நீதிமன்றம் சென்றது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சாதனத்தின் இயக்கத்தை ஆராய்ந்தறிவதற்காக அதன் உள்மென்பொருளைப் படியெடுப்பது நியாயமான பயன்பாடே என்பது தீர்ப்பின் சாரம். 2001இல் சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. மென்பொருள் மறைந்தது; தீர்ப்பு நிலைத்தது. எனினும் ஆட்டத்தின் பதிப்புரிமை வேறு, சாதனத்தை நடிக்கும் உரிமை வேறு. 2024 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் சாதனத்தைப் போலச்செய்த 'யூஸூ' குழுவினர் 24 இலட்சம் டாலர் தர இசைந்து பணியை நிறுத்தியது, இந்த எல்லைக்கோடு இன்னும் சர்ச்சைக்குரியதே என்பதைக் காட்டியது.

இதற்கிடையே மற்றொரு மரபினர் தோன்றினர். திரையில் ஆட்டம் தெரிந்தால் போதாது. நின்றபடி விளையாடும் மரப்பெட்டியும் பொத்தான்களும் கைப்பிடியும் வேண்டும் என்றவர்கள். முதலில் பழைய விசைப்பலகையைப் பிரித்து அதன் சுற்றுப்பலகையில் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். விசைப்பலகை ஒரு வலைப்பின்னலாக அமைந்தது; மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத விசையும் அழுந்தியதாகத் தோன்றும், அல்லது அழுத்தியது பதிவாகாது. இருவர் மோதும் சண்டை ஆட்டத்தில் அது பெருங்குறை. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி கொண்ட 'ஐ-பேக்' போன்ற சிறு பலகைகள் இக்குறையைத் தீர்த்தன. 2004இல் ஜான் செயின்ட் கிளேர் எழுதிய 'ப்ராஜெக்ட் ஆர்கேட்' இந்தத் தச்சுக்கும் மின்வேலைக்கும் முழுநூலாகவே அமைந்தது.

திரைதான் அவர்களை அதிகம் வருத்தியது. பழைய ஆட்டப்பெட்டிகளின் படக்குழாய் நொடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகள் வரையும். கணினித் திரையோ 31,500 வரிகள். அதனால் பழைய படக்குழாயை இயக்கக்கூடிய வரைகலை அட்டையைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. புத்தம்புது அட்டையைவிடச் சில பழைய ரேடியான் அட்டைகள் இதற்கு விரும்பப்பட்டன. மேலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித் தாளகதி உண்டு. 'பேக்-மேன்' நொடிக்கு 60.6 படங்கள் காட்டும். 1992இன் 'மார்ட்டல் காம்பாட்' 54.7 படங்கள். 60 என்று நிலைத்த திரையில் இரண்டாவதை ஓட்டினால் ஆட்டம் விரையும், அல்லது திக்கும். படவேகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திரைகள் 2013க்குப் பின் வந்தபோதுதான் தட்டைத்திரைப் பொறிகளுக்கு இதில் விடிவு பிறந்தது.

இனி, இக்கதையின் நடுநாயகமான விவாதம். 2004இல் 'பையூ' என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் சூப்பர் நின்டெண்டோவுக்காக 'பிஸ்னெஸ்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். அதற்கு முன் 1997 முதல் 'இசட்ஸ்னெஸ்' என்பது புகழ்பெற்றிருந்தது. எளிய கணினியிலும் விரைந்து ஓடும். ஆனால் அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை பல குறுக்குவழிகள். பையூ மறுதிசையில் நடந்தார். மூலச் செயலியின் வேகம் உச்சமாக 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், அதனை முற்றும் நேர்மையாக நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று 2011இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். 'ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்' என்ற ஆட்டத்தில் விமானத்தின் நிழல், திரையில் ஒரு வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யப்படும் மாற்றத்தால் தோன்றுவது. வரி வரியாக வரையும் மென்பொருள்களில் அந்த நிழல் மறைந்துவிடும். ஒரு நிழலுக்காக இத்தனை செலவா என்று கேட்டவர்கள் உண்டு. ஏட்டில் ஒரு சீர் விடுபட்டாலும் பாட்டுப் புரியுமே என்பவர்க்குப் பதிப்பாசிரியர் என்ன விடை சொல்வாரோ, அதே விடையைத்தான் பையூவும் சொன்னார்.

இந்தச் செலவுக்குக் காரணத்தை அறிந்தால் செயலித் தேர்வின் சூட்சுமம் விளங்கும். மூல எந்திரத்தில் செயலி, ஒலிச்சில்லு, படச்சில்லு ஆகியவை ஒரே நேரத்தில் ஒன்றையொன்று எதிர்பார்த்து இயங்கின. அந்த ஒத்திசைவைக் காக்க, நடிக்கும் கணினி ஒன்றைச் சிறிது ஓட்டி நிறுத்தி, மற்றொன்றை ஓட்டி, மீண்டும் முதலதற்குத் திரும்ப வேண்டும், நொடிக்குப் பல இலட்சம் முறை. இவ்வேலையைப் பல கருக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதிலேயே காலம் கழியும். ஆகவே கருக்கள் எத்தனை என்பதைவிட, ஒரு கரு எவ்வளவு விரைவு என்பதே பொருட்டு. 2004இல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. வெப்பம் தடையாக நின்றது. கடிகார வேகம் மட்டுமே கதி என்றிருந்தால் போலச்செய்தல் அங்கேயே முடங்கியிருக்கும். 2006இல் வந்த கோர் 2 டுயோ, குறைந்த கடிகார வேகத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்து காட்டியது. மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்ற பாடத்தை ஆர்வலர்கள் அப்போது கற்றார்கள்.

2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை மறுமுனையில் நின்றது. அதன் 700 மெகாஹெர்ட்ஸ் செயலிக்குப் புதிய மேம் பெரும்பாரம். ஆதலால் இத்தகைய சிறு பலகைகளுக்கென்று மேமின் பழைய பதிப்புகளை எடுத்தாண்டார்கள். 2003ஆம் ஆண்டின் 0.78 பதிப்பு இன்றும் வழக்கில் உள்ளது. ஆட்டக் கோப்புகளும் அந்தப் பதிப்புக்கு இசைந்தவையாக இருக்க வேண்டும் என்பதால், இங்கும் பாடபேதச் சிக்கல் உண்டு. 2017இல் அலெக்ஸி மெல்னிகோவ் தொடங்கிய 'மிஸ்டர்' திட்டம் மூன்றாம் வழியைத் திறந்தது. நிரலால் நடிக்காமல், வேண்டியபடி சுற்றமைத்துக்கொள்ளும் எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் பழைய எந்திரத்தின் அமைப்பையே கட்டினார்கள். சில்லுகள் உண்மையிலேயே ஒருசேர இயங்குவதால் மாறிமாறி ஓட்டும் தொல்லை நீங்கியது. ஆயினும் மூலத்தைப் பற்றிய அறிவு பிழைபட்டால் சுற்றும் பிழைபடும்.

பிளேஸ்டேஷன் 3 போன்ற பிற்காலச் சாதனங்களில் நிலைமை வேறு. அதன் 'செல்' செயலியிலேயே பல கருக்கள் இருந்தமையால், 'ஆர்.பி.சி.எஸ்.3' மென்பொருளுக்குப் பல கருக்கள் பயன்படுகின்றன, ஏ.வி.எக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதியும் நன்கு கைகொடுக்கிறது. வியப்பு என்னவென்றால், இன்டெல் தன் 2021ஆம் ஆண்டு வீட்டுச் செயலிகளில் அத்தொகுதியை முடக்கிவிட, 2022இல் ஏ.எம்.டி.யின் ஜென் 4 செயலிகள் அதனோடு வந்தன. ஆக, எந்த மூலத்தை நடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் உறுப்புகளை வாங்குவது வீண். 1980களின் ஆட்டங்களுக்கு விரைந்த ஒரு கருவும் நல்ல திரையும் தாமதமின்றிப் பதியும் பொத்தான்களும் முதன்மை. விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவையில்லை. முப்பரிமாண ஆட்டங்களைக் கூடுதல் துல்லியத்தில் காண்பவர்க்கே அந்த அட்டை.

இத்தனை பாடும் எதற்கு? கேப்காம் நிறுவனம் 1993 முதல் விற்ற சி.பி.எஸ்.-2 பலகைகளில் ஆட்ட நிரல் மறைகுறியாக்கப்பட்டிருந்தது. திறவுகோலை ஒரு சிறு மின்கலம் காத்தது. கலம் தீர்ந்தால் பலகை செத்தது. அதைத் 'தற்கொலை மின்கலம்' என்றார்கள். 2001இல் ஆர்வலர்கள் முதல் ஆட்டத்தை மீட்டனர். 2007 ஜனவரியில் ஆண்ட்ரியாஸ் நாயிவும் சல்மோரியாவும் மறைகுறி முறையையே முழுமையாக அவிழ்த்தனர். கரையான் தின்பதற்குமுன் ஏட்டைப் படியெடுத்ததற்கு நிகரான செயல் அது. 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று கண்டது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருந்து ஆய்வாளர்க்கு வழங்க விதிவிலக்குக் கோரியபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

உரிமையாளர் விற்பதில்லை, நூலகம் வழங்க இயலாது, மூலப் பலகையோ துருப்பிடித்து அழிகிறது. இந்நிலையில் அப்படைப்புகளின் எஞ்சிய வாழ்வு, பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் நிரலாளர்களையும் வீட்டில் பொறி கட்டுவோரையும் நம்பியே இருக்கிறது. சட்டம் தெளிவுபெறும்வரை தாம் விலைகொடுத்து வாங்கிய ஆட்டங்களோடு நிற்பது அவர்களுக்கு நல்லது. உறுப்புகளைத் தேர்வதில் மட்டும் அவர்கள் சிக்கனம் பார்க்கலாம், நேர்மையில் பார்க்கலாகாது. விரைவுக்காக நிழலைத் துறந்த நகல் ஒன்றே எஞ்சுமானால், நாளை வருபவர் அந்த நிழல் இருந்ததையே அறியமாட்டார்.