அடக்குவதும் அகற்றுவதும்

“இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க” என்று கேட்டால் நம் ஊர் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு புட்டி உடனே கைக்கு வந்துவிடும். அனுபவமுள்ள கடைக்காரர் மட்டும் “வறட்டு இருமலா, சளி இருமலா?” என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்காக அவரை மதிக்கிறேன். இருமல் டானிக், காஃப் சிரப் என்று ஒரே பெயரில் நாம் வாங்கி வருவது, ஒன்றுக்கொன்று எதிரான வேலை பார்க்கும் இரண்டு மருந்துகளை. ஒன்று இருமலை அடக்கும். மற்றது சளியை இளக்கி, இருமி வெளியே தள்ளுவதை எளிதாக்கும்.

அடக்கும் மருந்து பெரும்பாலும் வேலை செய்வது தொண்டையிலோ நெஞ்சிலோ அல்ல, மூளையில். மூச்சுக்குழாயில் உறுத்தல் ஏற்பட்டால் நரம்பு வழியே செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. அங்கிருந்துதான் இருமச் சொல்லி உத்தரவு வருகிறது. அந்த உத்தரவைத் தணிப்பதே இம்மருந்தின் வேலை. இதன் வேர் அபினியில் இருக்கிறது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் பியர் ரோபிகே அபினியிலிருந்து கோடீனைப் பிரித்தெடுத்தார். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கோடீனைவிடப் போதை குறைந்த மாற்றாகப் பிற்பாடு வந்தது. கோடீன் உடலுக்குள் போனதும் ஒரு பகுதி மார்ஃபினாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட உடல்வாகுள்ள குழந்தைக்குக் கொடுத்தால் மூச்சே தளர்ந்துவிடக்கூடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோடீன் கலந்த இருமல் மருந்து கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்தது. இந்த வகைக்குத் தெருவிலும் ஒரு வாழ்க்கை உண்டு. இந்தியாவில் தயாரான ஃபென்சிடில் என்ற கோடீன் சிரப் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு, அங்கே இளைஞர்களின் போதைப்பொருளாகவே பெயர் வாங்கியது.

சளியை இளக்கும் வகைக்கு இப்படியொரு இருண்ட கதை இல்லை. அதன் கதை நம் வேலியோரத்தில் தொடங்குகிறது. ஆடு கடிக்காமல் விட்டுப்போகும் ஆடாதோடை இலையைச் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கபத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். சர்க்கரைப் பாகில் சேர்த்துக் காய்ச்சிய ஆடாதோடை மணப்பாகு இன்றும் சித்த மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதுதான் 1960களில் புழக்கத்துக்கு வந்த புரோம்ஹெக்ஸின். அது உடலில் சிதையும்போது உண்டாகும் பொருளே ஆம்ப்ராக்சால். இன்று சளி இருமலுக்கு எழுதப்படும் புட்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றோ குவைஃபெனசினோ இருக்கும். கெட்டிச் சளியின் இழுவைத்தன்மையை இவை குறைக்கும். மேலே தள்ளும் வேலையை மூச்சுக்குழாயின் நுண்மயிர்களும் இருமலுமே செய்தாக வேண்டும். அதாவது, இந்த மருந்து பலிக்க வேண்டுமானால் இருமல் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் விளையும் கேடு ஒரே அளவு அல்ல. வறட்டு இருமலுக்குச் சளி இளக்கியைக் கொடுத்தால் பெரும்பாலும் காசுதான் வீண். சளி கட்டிய நெஞ்சுக்கு அடக்கும் மருந்தைக் கொடுத்தால், வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் இது சின்ன விஷயமல்ல. இரண்டையும் ஒரே புட்டியில் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டே தாழ்ப்பாளும் போடுகிற இந்தக் கலவைக்கு மருத்துவ நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பல புட்டிகளில் கூடவே குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்ந்திருக்கும். அது தூக்கத்தை வரவழைக்கும். பிள்ளை அசந்து தூங்குவதைப் பார்த்து, “மருந்து நல்லா கேக்குது” என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள்.

‘இருமல் மருந்து’ என்ற பொதுப்பெயரின் குழப்பம் ஒரு பெரும் சோகத்திலும் தெரிந்தது. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். காரணமான கோல்ட்ரிஃப் என்ற சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு 48.6 சதவீதம் இருந்தது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை ‘இருமல் மருந்து’ என்றே சொல்லின. ஆனால் அதில் சேர்ந்திருக்க வேண்டியவை பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின். சளி காய்ச்சலுக்கான கலவை அது. இருமலை அடக்குவதும் இல்லை, சளியை இளக்குவதும் இல்லை. நச்சு வந்தது மருந்தைக் கரைத்துவைக்கும் திரவத்தின் வழியாக. அந்த வகையில் எந்தச் சிரப்பும் விலக்கல்ல. தயாரிப்பில் சோதனை தவறினால் இரண்டு வகைக்கும் இதே ஆபத்து உண்டு. அந்தக் குழந்தைகள் வெறும் சளிக்காக மருந்து குடித்தவர்கள் என்பதை என்னால் ஆறப்போட முடியவில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் மறுபடி அறிவுறுத்தியது.

சாதாரணச் சளியோடு வரும் இருமலை இந்த இரண்டு வகைகளும் விரைவில் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அது பெரும்பாலும் தானே இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் கொஞ்சம் தேன் கொடுப்பதே இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

இரண்டு புட்டிகளில் எதுவும் பொருந்தாத இருமல்களும் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்து, மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். குழந்தை இரவுதோறும் இருமினால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரும். அவர்கள் மாதக்கணக்கில் சிரப் குடித்தும் அது போகாது. மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் நின்றுவிடும்.